கரைக்குத் தெரியும் படகு, கப்பலுக்குத் தெரியுமா?

எங்க ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற திருவண்ணாமலை. கார்த்திகை தீபத்துக்குப் பேர்போன ஊர் இல்லைங்க, சீனிவாசப் பெருமாள் மலைக்கோயில் இருக்கிற ஊர். இங்கே கடல் கிடையாது. ஆனா நெட்வொர்க் வேலையில தினமும் புழங்குறவன்ங்கிறதால, ஒரு கடல் கருவியோட வரலாறு என்னை இழுத்துப் பிடிச்சிடுச்சு. இன்னைக்கு அதைப் பத்திதான்.

2018 ஆகஸ்ட் 7 அதிகாலை. கேரளாவின் முனம்பம் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ஓஷியானிக்' என்ற விசைப்படகு மீது ஒரு கப்பல் மோதியது. படகில் இருந்தவர்கள் 14 பேர். பெரும்பாலோர் கன்னியாகுமரி மாவட்டம் ராமன்துறையைச் சேர்ந்தவர்கள். உயிரோடு மீட்கப்பட்டது இரண்டே பேர். கப்பல் நிற்காமல் போய்விட்டது.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் 'ரபா' என்ற படகு மீது 'ஏபிஎல் லெ ஹாவ்ர்' என்ற சரக்குக் கப்பல் மோதியது. அதிலும் 14 பேர், அவர்களில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதிலும் பிழைத்தது இரண்டு பேர்தான்.

இப்படி நடக்காமல் இருக்கத்தானே ஏஐஎஸ் வந்தது?

ஏஐஎஸ் என்பது, 'நான் யார், எங்கே இருக்கேன், எந்தப் பக்கம், என்ன வேகத்துல போறேன்' என்று விஎச்எஃப் ரேடியோவில் ஒரு கலம் தானாகச் சொல்லிக்கொண்டே இருக்கும் ஏற்பாடு. எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினால் குழம்புமே? ஒவ்வொரு சேனலிலும் ஒரு நிமிடத்தை 2,250 துண்டுகளாகப் பிரித்து, அவரவர் துண்டை அவரவரே பதிவு செய்துகொள்கிறார்கள். நடுவில் சர்வரே இல்லை! ஸ்வீடனைச் சேர்ந்த ஹாக்கன் லான்ஸ் என்பவரின் யோசனையிலிருந்து வளர்ந்த முறை இது.

சோலாஸ் என்கிற சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் 2002 முதல் 2004-க்குள் இதைப் படிப்படியாகக் கட்டாயமாக்கியது. ஆனா யாருக்கு? வெளிநாட்டுப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு. மீன்பிடிப் படகு அந்தக் கணக்கிலேயே வரலை. பிறகு சின்னக் கலங்களுக்காக 'கிளாஸ் பி' வந்தது. பெரிய கப்பலில் 12.5 வாட் என்றால் இதில் 2 வாட். ஓடும்போது பெரும்பாலும் 30 விநாடிக்கு ஒரு செய்தி. 15 நாட் வேகத்தில் வரும் கப்பல் அந்த 30 விநாடியில் சுமார் 230 மீட்டர் நகர்ந்துவிடும். சில மைல் முன்னாடியே எச்சரிக்கை கிடைத்தால் அதுவே தாராளம்.

நம்ம நாட்டுக் கதை வேறு திசையில் போனது. 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைக் கைப்பற்றித்தான் வந்தார்கள். அதன்பின் 20 மீட்டருக்கு மேற்பட்ட கலங்களுக்கு ஏஐஎஸ் கட்டாயம் என்றானது. கேள்வி, 'இந்தப் படகு யாருடையது?' என்பது. அதாவது கரையின் கேள்வி. சிறிய படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய டிரான்ஸ்பாண்டர் வந்தது. 2024 ஆகஸ்டில் 1 லட்சம் படகுகளுக்கான திட்டம் தொடங்கியது. ஆபத்தில் செய்தி அனுப்பலாம், புயல் எச்சரிக்கை பெறலாம். 2017 ஒக்கிப் புயலில் கரையோடு தொடர்பே இல்லாமல் தவித்தவர்களை நினைத்தால், இதன் அருமை புரியும்.

ஆனா இது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும் கருவி. ஏஐஎஸ் மாதிரி, எதிரே வரும் கப்பலின் திரைக்கு நேராகப் போகிற சிக்னல் இல்லை. கரைக்கு நம்ம படகு தெரியும். மோத வருகிற கப்பலுக்கு? இரவு வலை போட்டுவிட்டு அசந்து தூங்கும் மீனவருக்குத் தேவை, கப்பல் நெருங்கும்போது வீல்ஹவுஸில் காது கிழியக் கத்தும் ஓர் அலாரம். படகில் கிளாஸ் பி இருந்தால் கப்பலுக்கும் படகு தெரியும்.

அதற்காக ஏஐஎஸ் இருந்தால் போதும் என்றும் இல்லை. மீன் கிடைக்கும் இடம் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அதை அணைத்து வைப்பதும் உலகம் முழுக்க உண்டு. கப்பல்காரர் திரையைப் பார்க்காவிட்டாலும் பயனில்லை. கண்ணாலும் காதாலும் எப்போதும் கண்காணிக்க வேண்டும் என்பது 1972-ல் வந்த சர்வதேச மோதல் தடுப்பு விதிகளிலேயே இருக்கு. அது படகுக்கும் கப்பலுக்கும் பொது.

ஒரு சிஸ்டத்தை மதிப்பிடும்போது நாங்க முதல்ல கேட்பது, 'இதோட யூசர் யாரு?' என்றுதான். பாதுகாப்புப் படைக்கும் மீட்புக் குழுவுக்கும் பதில் கிடைத்துவிட்டது. நடுக்கடலில் தூங்கும் மீனவருக்கான பதில் இன்னும் பாக்கி.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.