நான்கு கைகளும் ஒரு குரலும்

தரங்கம்பாடி ராஜவீதியில், சில நிமிஷ நடைக்குள், லுத்தரன்கள் கட்டிய இரண்டு கோயில்கள் இருக்கின்றன. ஒன்று 1701இல் டேனிஷ்காரர்கள் தங்களுக்கென்று கட்டிக்கொண்ட சீயோன். மற்றது ஸீகன்பால்கு தமிழ்ச் சபைக்காகக் கட்டி 1718 அக்டோபர் 11இல் பிரதிஷ்டை செய்த புதிய எருசலேம். ஒரே வேதம், ஒரே அரசன், ஒரே வீதி. கோயில் மட்டும் இரண்டு. மொழி வேறு என்பது இதற்குச் சமாதானம். சரியான சமாதானந்தான். ஆனால் தமிழர்களுக்குள்ளே மொழி ஒன்றுதானே, அங்கே என்ன நடந்தது என்ற கேள்வியோடுதான் தர்மபுரியிலிருந்து ஒரு பகல் முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து அங்கே போய்ச் சேர்ந்தேன்.

பார்தொலொமேயு ஸீகன்பால்கு ஸாக்ஸனியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூர்க்காரர். 1706 ஜூலையில் புளூட்சோவுடன் கரையிறங்கினார். மறு வருஷமே எழுப்பிய முதல் எருசலேம் கடலோரத்தில் இருந்தது, அது நிலைக்கவில்லை. இப்போது நிற்பதற்கு 1717இல் அஸ்திவாரம் போட்டார்கள். முகப்பில் கிரீடம், அதன் கீழ் நான்காம் பிரெடரிக்கின் பெயரெழுத்துப் பின்னல், வருஷம். உள்ளே போனால் அரசன் மறைந்துபோகிறான். சிலுவை வடிவத் தளம். ஆனால் ரோமன் கத்தோலிக்கக் கோயில்களின் நீண்ட உடலும் குட்டைக் கைகளும் இல்லை. நான்கு கைகளும் ஏறக்குறைய ஒரே நீளம். நடுவிலிருந்து பேசினால் நான்கு பக்கமும் கேட்கும்.

இதன் வேர் ஜெர்மனியில் இருக்கிறது. லுத்தரின் சபைக்கென்றே கட்டப்பட்ட முதல் ஆலயம் டோர்காவ் கோட்டைக்குள் இருக்கிறது. 1544இல் லுத்தரே பிரதிஷ்டை செய்தார். ஊர்வலத்துக்கான நீளமும் மறைவான கர்ப்பக்கிருகமும் அங்கே தேவைப்படவில்லை. பிரசங்க பீடத்தை எல்லோரும் பார்க்க வேண்டும், வார்த்தை எல்லோர் காதிலும் விழ வேண்டும். கட்டிடத்தின் கணக்கு அவ்வளவுதான். பிறகு ஸாக்ஸனி, துரிங்கியா கிராமக் கோயில்களில் பலிபீடத்தின் மேலேயே பிரசங்க பீடத்தை ஏற்றி வைத்தார்கள். சுவரைச் சுற்றி மர மாடங்கள் கட்டினார்கள். காதுக்காகக் கட்டிய கட்டிடம் என்று இதைச் சொல்லலாம்.

காது எல்லோருக்கும் ஒன்று. ஆனால் உட்காரும் இடம்? அந்தக் கிராமக் கோயில்களிலும் பிரபுவின் குடும்பத்துக்குத் தனி மாடம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பெஞ்சுக்கு வரிசை, வரிசைக்கு அந்தஸ்து. இதன் உச்சம் பிராய்டன்ஷ்டாட் ஊர்க் கோயில். ஹைன்ரிஷ் ஷிக்ஹார்ட் 1601க்கும் 1608க்கும் இடையில் கட்டியது. தளம் ட என்ற எழுத்தைப் போல இரண்டு கைகள் செங்கோணத்தில் சேர்வது. ஒரு கையில் ஆண்கள், மறு கையில் பெண்கள். இரண்டும் சேரும் மூலையிலிருந்து போதகர் இருவரையும் பார்க்கலாம். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. வார்த்தை ஒன்று, கூட்டம் இரண்டு. இந்தச் சாத்தியத்தைத் தமிழ்நாட்டுச் சாதி கண்டுபிடிக்கவில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வித்தியாசம் ஒன்று உண்டு. ஜெர்மன் விவசாயி பணம் சேர்த்தால் அவன் பிள்ளை வேறு பெஞ்சுக்கு நகர வழி இருந்தது. நம் ஊரில் பெஞ்சு பிறப்போடு வருவது.

தரங்கம்பாடியில் சுவர் எதுவும் எழுப்பவில்லை. நான்கு சமக் கைகள் அப்படியே இருந்தன. ஆனால் வேளாளரும் பறையரும் தனித்தனியே உட்கார்ந்தார்கள் என்பது 18ஆம் நூற்றாண்டு மிஷன் பதிவுகளிலிருந்தே தெரிகிறது. ராஜநாயக்கன் என்றொருவர், பறையர், தஞ்சை அரசரின் படைவீரர். ஸீகன்பால்கு அச்சிட்ட தமிழ்ப் புத்தகத்தை வாசித்தே இந்தச் சபைக்கு வந்தவர். உபதேசியாராக ஊர் ஊராக அலைந்தார். 1733இல் முதல் தமிழ்க் குருப்பட்டம் ஆரோனுக்குக் கிடைத்தது, ஆரோன் வேளாளர். ராஜநாயக்கனுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க மற்றவர்கள் சம்மதிக்க மாட்டார்கள் என்பது மிஷனரிகளின் கணக்கு. எல்லோர் காதுக்கும் எட்டும்படி கட்டிய கோயிலில் அவருடைய கை எட்டவில்லை.

இதைப் பழைய காலத்து விஷயம் என்று தள்ளவும் முடியாது. ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்ஸன் 1833இல் தம் சபைகளில் சாதியை விட்டொழிக்க வேண்டும் என்று கட்டளையிட்டபோது தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்ப்புக் கிளம்பியது. தரங்கம்பாடிக்குப் பொறுப்பேற்ற லைப்சிக் மிஷனின் இயக்குநர் கார்ல் கிரவுல், சாதி சமூக வழக்கம், அதைப் பலவந்தமாக அறுக்கக் கூடாது என்ற பக்கம் நின்றார். இதே கிரவுல்தான் திருக்குறளை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1856இல் வெளியிட்டவர். ஒரு நூலை மொழிபெயர்க்கும் அளவுக்கு நெருங்கியவன் அதன் ஒரு குறளைத் தாண்டிப் போய்விட முடிகிறது. இலக்கியப் பரிச்சயம் மனிதனை என்ன செய்கிறது என்று கேட்டுக்கொள்கிற நமக்கு இது சௌகரியமான உதாரணம் இல்லை.

இனி வடக்கன்குளம். அது கத்தோலிக்கக் கோயில். 1872இல் சேசு சபையினர் கட்டி முடித்தது. பலிபீடத்திலிருந்து இரண்டு கூடங்கள் கால்சட்டையின் இரு கால்கள்போல் பிரிந்து போகின்றன. ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். பிராய்டன்ஷ்டாட்டின் உறவு எதுவும் இல்லாமலே அதே தீர்வு: நடுவில் நிற்பவர் இரு கூட்டத்தையும் பார்க்கலாம், கூட்டங்கள் ஒன்றையொன்று பார்க்க வேண்டியதில்லை. 1910இல் பிரிவினைச் சுவரை இடித்தார்கள். வேளாளர் வழக்குப் போட்டு, சென்னை உயர்நீதிமன்றம்வரை போய்த் தோற்றார்கள்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இது. வடக்கன்குளத்தின் வடிவம் கேவலமானது. ஆனால் அது செங்கல்லில் இருந்தது, கடப்பாரைக்கு அகப்பட்டது, நீதிமன்றத்தில் பெயர் சொல்லி வாதாட முடிந்தது. தரங்கம்பாடியில் இடிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. தளவரைபடத்தில் கோடு இல்லை. தரையில் இருந்தது, உட்கார்ந்தவர்களின் உடம்பில் இருந்தது. அழகான, சமமான ஒரு வடிவம் தனக்குள் நடப்பதற்கு நூறு வருஷத்துக்கு மேல் மௌன சாட்சியாக நின்றது.

உருவமே உள்ளடக்கம் என்று இந்த மாதிரிப் பத்திரிகைகளில் நாம் ஓயாமல் பேசிவந்திருக்கிறோம், நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் கோயிலுக்குள் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தபோது அந்த வாக்கியத்தின்மேல் எனக்கிருந்த நம்பிக்கை கொஞ்சம் ஆடிப்போயிற்று. உருவம் ஒரு வாக்குறுதி. அதை நிறைவேற்றுவது உள்ளே வந்து உட்காருகிறவர்களின் வேலை.

ஸீகன்பால்கு கோயில் முடிந்த நாலு மாதத்தில், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் இறந்தார். பலிபீடத்தருகே புதைத்திருக்கிறார்கள். 2004இல் கடல் ஊருக்குள் வந்துபோனது, கோயில் நிற்கிறது.

திரும்பி வந்த மறுநாள் வழக்கம்போலக் கவுண்டரில் உட்கார்ந்தேன். கடன் மனுக்களில் விலாசம் பார்த்துப் பதிவது என் வேலை. ஊர்ப் பெயர், அதற்குப் பின்னால் சிலவற்றில் மட்டும் 'காலனி'. இந்த மாவட்டத்தில் 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி என்ற மூன்று தலித் குடியிருப்புகளைக் கொளுத்தினார்கள். எந்த வீடுகளைக் கொளுத்துவது என்று அவர்கள் யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. ஊரின் தளவரைபடத்தில் அது ஏற்கெனவே இருந்தது. அதை வரைந்த கட்டிடக் கலைஞனின் பெயர் எந்த முகப்பிலும் இல்லை, வருஷமும் இல்லை.