பாஸ்கா மெழுகுதிரியும் அதன் இரவும்

பாஸ்கா மெழுகுதிரி ஆண்டுக்கு ஒருமுறை, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்திய இரவில் ஏற்றப்படும் பெரிய திரி. ஆலயத்தின் எல்லா விளக்குகளும் அணைந்திருக்க, முற்றத்தில் மூட்டிய புது நெருப்பிலிருந்து அதற்குச் சுடர் எடுக்கிறார்கள். திருத்தொண்டர் அதை ஏந்தி இருண்ட ஆலயத்துக்குள் நடக்கிறார். மூன்று இடங்களில் நின்று, கிறிஸ்துவே ஒளி என்று பாடி அறிவிக்கிறார். அவர் பின்னால் வரும் மக்களின் சிறு திரிகளுக்கு அந்த ஒரே சுடரிலிருந்து தீ பரவுகிறது. சாவின் இருளைக் கிறிஸ்து வென்றார் என்ற நம்பிக்கையைச் சொல்ல, கிறிஸ்தவ வழிபாட்டில் இதைவிட எளிய சடங்கும் இல்லை, இதைவிட ஆழமான சடங்கும் இல்லை. அந்தச் சடங்குக்கு உயிர் கொடுப்பது அதைச் சூழ்ந்திருக்கும் உண்மையான இருட்டு. மேற்குத் திருச்சபை அந்த இருட்டைப் பல நூற்றாண்டுகள் பேணியது, பிறகு இழந்தது, 20ஆம் நூற்றாண்டில்தான் மீட்டது.

இதன் வேர் அன்றாட மாலை விளக்கில் இருக்கிறது. ஓய்வுநாள் தொடங்கும் மாலையில் விளக்கேற்றி இறைவனைப் போற்றுவது யூதக் குடும்பங்களின் வழக்கம். முதல் கிறிஸ்தவர்கள் அந்தச் சூழலில் பிறந்தவர்கள். துரோவாவில் பவுல் நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்த மாடியறையில் விளக்குகள் பல எரிந்தன என்று அப்போஸ்தலர் பணிகள் நூல் குறிப்பிடுகிறது. கி.பி. 197ஐ ஒட்டி எழுதிய தெர்த்துல்லியன், கிறிஸ்தவர்களின் அன்பின் விருந்தில் கை கழுவி விளக்குகள் கொண்டுவரப்பட்டதும் ஒவ்வொருவராக இறைவனைப் பாடுவார்கள் என்கிறார். 4ஆம் நூற்றாண்டில் செசாரியா ஆயர் பசிலியார், மாலை விளக்கேற்றும்போது பாடும் கிரேக்கப் பாடல் ஒன்றைக் குறிப்பிட்டு, அதை இயற்றியவர் யாரென்று தெரியாத அளவுக்கு அது பழையது என்று எழுதினார். அந்தப் பாடல் கீழைத் திருச்சபைகளின் மாலை வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது.

381க்கும் 384க்கும் இடையில் எருசலேமில் தங்கிய எகேரியா என்ற திருப்பயணி இன்னும் நுட்பமான ஒரு செய்தியைத் தருகிறார். கிறிஸ்துவின் கல்லறை ஆலயத்தில் மாலைதோறும் விளக்குகளையும் மெழுகுதிரிகளையும் ஏற்றுவார்கள். அதற்கான நெருப்பு வெளியிலிருந்து வருவதில்லை. இரவும் பகலும் விளக்கு எரியும் கல்லறைக் குகைக்குள்ளிருந்தே எடுத்து வருவார்கள். அடக்கம் செய்த இடத்திலிருந்தே ஒளி புறப்படுகிறது என்பதை எருசலேம் மக்கள் நாள்தோறும் கண்ணால் கண்டார்கள். பிற்காலப் பாஸ்கா இரவின் பொருள் முழுவதும் அந்த மாலைச் செயலில் அடங்கியிருக்கிறது எனலாம்.

பாஸ்கா இரவு தொடக்க காலத்தில் திருமுழுக்கின் இரவாகவும் இருந்தது. 2ஆம் நூற்றாண்டின் நடுவில் யுஸ்தீன் திருமுழுக்கை ஒளி பெறுதல் என்றே அழைத்தார். எருசலேம் ஆயர் சிரில் பெயரில் வழங்கும் மறையுரைகள் அந்த இரவை அருகிலிருந்து காட்டுகின்றன. திருமுழுக்குப் பெறுவோர் முதலில் வெளிக்கூடத்தில் மேற்கு நோக்கி நிறுத்தப்படுவார்கள். கதிரவன் மறையும் திசை இருளின் திசை. அவர்கள் கையை நீட்டி, எதிரே நிற்பவனிடம் பேசுவதுபோல் சாத்தானை விட்டு விலகுவதாகச் சொல்வார்கள். பிறகு கிழக்கே திரும்பி நம்பிக்கையை அறிக்கையிடுவார்கள். வாரக்கணக்கில் நோன்பிருந்து, மறைக்கல்வி கேட்டு, நள்ளிரவில் உடல் நடுங்க நின்ற மனிதருக்கு அந்த ஒரு திரும்பல் வாழ்நாள் முழுவதும் நினைவில் நின்றிருக்கும்.

கான்ஸ்டன்டைன் பேரரசர் காலத்தில் இந்த ஒளி தெருவுக்கு வந்தது. பாஸ்கா இரவில் நகரமெங்கும் உயரமான மெழுகுத் தூண்களை ஏற்றி அவர் இரவைப் பகலாக்கினார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய யூசேபியஸ் சொல்கிறார். மறைந்து வழிபட்ட தலைமுறையின் பிள்ளைகள் அந்தத் தெருக்களில் நடந்தார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் அது வெறும் அரச ஆடம்பரமாகத் தோன்றாது.

தனி ஒரு திரியை வாழ்த்திப் பாடும் வழக்கம் மேற்கே, குறிப்பாக இத்தாலியின் வடக்கிலும் காலியாவிலும் வளர்ந்தது. பியச்சென்சா நகரத் திருத்தொண்டர் ஒருவர் தமக்கு அத்தகைய வாழ்த்துரை எழுதித் தரும்படி எரோணிமுசைக் கேட்டார். 384ஆம் ஆண்டினதாகக் கருதப்படும் பதிலில் எரோணிமுஸ் மறுத்துவிட்டார். வேதத்தை விட்டுத் தேனீக்களையும் மலர்வெளிகளையும் வெர்ஜில் பாணியில் வருணிப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. அகுஸ்தீனோ தாமே ஒரு திரியைப் புகழ்ந்து சில அடிகள் எழுதியதாகத் தம் பெருநூலில் குறிப்பிடுகிறார். ஆக, 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது தெளிவு. இன்று பாடப்படும் பாஸ்கா புகழுரையின் பழைய வடிவம் காலிய மரபின் 7, 8ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் கிடைக்கிறது. எரோணிமுஸ் வெறுத்த தேனீ அதில் பெருமையோடு இடம்பிடித்தது. தேனீ கலவியின்றிப் பெருகுகிறது என்று பழங்காலத்தார் நம்பினார்கள். எனவே அதன் மெழுகு கன்னியிடம் பிறந்தவரின் உடலுக்கும், திரிநூல் அவர் ஆன்மாவுக்கும், சுடர் அவர் இறைத்தன்மைக்கும் அடையாளம் என்று இடைக்கால உரையாசிரியர்கள் விளக்கினார்கள். உயிரியல் தவறானது; ஆயினும் பெயரற்ற பூச்சிகளின் உழைப்பையும் வழிபாட்டில் நன்றியோடு நினைத்த மனம் போற்றத்தக்கது.

உரோமை இதில் பின்தங்கியே வந்தது. திருத்தந்தையின் சொந்த வழிபாட்டில் திரிக்கு ஆசி வழங்கும் சடங்கு நெடுங்காலம் இல்லை. 751இல் ஜெர்மானிய நாடுகளின் மறைபரப்பாளர் போனிபாஸ், நெருப்பை எப்படி எடுப்பது என்று கேட்டு எழுதினார். பெரிய வியாழனன்று மூன்று பெரிய விளக்குகளை ஆலயத்தின் ஒதுக்கிடத்தில் ஏற்றிவைத்து, அவை மூன்றாம் நாள்வரை எரியும்படி காத்து, சனி இரவுக்கு அதிலிருந்தே நெருப்பு எடுப்பது உரோமை வழக்கம் என்று திருத்தந்தை சக்கரியாஸ் பதில் எழுதினார். அயர்லாந்திலோ இந்த நெருப்பைச் சுற்றி வீரக்கதையே பிறந்தது. அரசன் லோய்கரே தாராவில் தன் நெருப்பை ஏற்றும்முன் வேறெவரும் ஏற்றக்கூடாது என்ற ஆணையை மீறி, மறைபரப்பாளர் பாட்ரிக், சிலேன் என்ற குன்றில் பாஸ்கா நெருப்பை மூட்டினார் என்று 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முயிர்க்கு என்பவர் எழுதினார். அது நடந்ததா என்பது வேறு. ஒரு புதிய மக்களினம் தன் மனமாற்றத்தை ஓர் இரவு நெருப்பின் கதையாக நினைவில் வைத்துக்கொண்டது.

தென் இத்தாலியின் பெனவெந்தோ, பாரி, மோந்தே கசீனோ வட்டாரத்தில் 10 முதல் 13ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட புகழுரைத் தோல்சுருள்கள் இந்த வரலாற்றின் செல்வம். திருத்தொண்டர் வாசக மேடையில் நின்று சுருளைப் பிரித்துப் பாடப் பாட, பாடி முடித்த பகுதி மேடையின் முன்புறம் தொங்கி இறங்கும். இந்தச் சுருள்கள் பலவற்றில் எழுத்து ஒரு திசையிலும் படங்கள் தலைகீழாகவும் இருக்கும். பாடுகிறவருக்குப் படம் தலைகீழ். கீழே திரி வெளிச்சத்தில் நிற்கும் மக்களுக்கு நேர். கிறிஸ்து பாதாளத்தில் இறங்கி ஆதாமின் கையைப் பிடித்துத் தூக்குவது, பெண்ணுருவில் அமர்ந்த பூமி, மலரில் மொய்க்கும் தேனீக்கள், கூட்டிலிருந்து தேன் எடுப்போர் எனப் படங்கள் வரிசையாக இறங்கிவரும். இலத்தீன் புரியாத உழவரும் அந்த இரவின் செய்தியைக் கண்ணால் பெற வேண்டும் என்று எவரோ அக்கறையோடு சிந்தித்திருக்கிறார்.

திரியும் வளர்ந்துகொண்டே போனது. உரோமையில் புனித பவுல் பெருங்கோவிலுக்கு 12ஆம் நூற்றாண்டில் நிக்கோலா தி ஆஞ்சலோவும் பியெத்ரோ வஸ்ஸலெத்தோவும் செதுக்கிய பளிங்குத் தண்டு 5 மீட்டருக்கும் மேல் உயரம். இங்கிலாந்தின் சாலிஸ்பரி பேராலயத் திரி 1517இல் 36 அடி நீளம் இருந்தது. டர்ஹாமில் திரியின் உச்சி கூரையை நெருங்கியதால், கூரையில் ஒரு துளை விட்டு மேலிருந்து ஏற்றினார்கள்.

திரி பெரிதாகிய அதே நூற்றாண்டுகளில் அதன் இரவு சுருங்கியது என்பதுதான் வருத்தம். சனிக்கிழமை நோன்பு திருப்பலியோடு முடியும். பசித்த மக்களுக்கும் குருக்களுக்கும் அது சீக்கிரம் முடிய வேண்டியிருந்தது. நள்ளிரவு வழிபாடு மாலைக்கு வந்தது, பிறகு பிற்பகலுக்கு நகர்ந்தது. 1566இல் திருத்தந்தை 5ஆம் பயஸ் பிற்பகல் திருப்பலிகளைத் தடைசெய்ததும் அது சனி காலைக்கே போய்ச் சேர்ந்தது. 1642இல் 8ஆம் அர்பன் புனித வார நாள்களைக் கட்டாயத் திருநாள் பட்டியலிலிருந்து நீக்கினார். மக்கள் வேலைக்குப் போனார்கள். வெறிச்சோடிய ஆலயத்தில், சாளரம் வழியாக வெயில் கொட்டும் நேரத்தில், இந்த இரவே பேறுபெற்றது என்று திருத்தொண்டர் பாடிக்கொண்டிருந்தார். ஏறத்தாழ 400 ஆண்டுகள் அப்படியே நடந்தது. சொல் ஒவ்வொன்றும் காப்பாற்றப்பட்டது. சொல்லுக்கு உரிய இருள் மட்டும் இல்லை.

சீர்திருத்தச் சபைகள் பல திரியையே விட்டுவிட்டன. இங்கிலாந்தின் 1549 வழிபாட்டு நூலில் பாஸ்கா விழிப்புச் சடங்கு இடம்பெறவில்லை. கீழைத் திருச்சபைகளோ இரவை விடவில்லை. கிரேக்க, இரஷ்ய ஊர்களில் நள்ளிரவில் கதவு திறந்து, கையில் திரியோடு மக்கள் ஆலயத்தைச் சுற்றிவரும் வழக்கம் தொடர்ந்தது. எருசலேமில் கல்லறையிலிருந்து நெருப்பு வெளிவரும் சனிக்கிழமை வழிபாட்டை 870ஐ ஒட்டி அங்கு சென்ற பெர்னார்து என்ற துறவி குறிப்பிட்டிருக்கிறார். அது இன்றும் பெருந்திரளை ஈர்க்கிறது.

மேற்கில் மீட்பு 1951 பிப்ரவரி 9ஆம் நாள் வந்தது. வழிபாட்டு மறுமலர்ச்சி இயக்கத்தாரின் நீண்டகால வேண்டுகோளை ஏற்று, திருத்தந்தை 12ஆம் பயஸ் பாஸ்கா விழிப்பை இரவிலேயே கொண்டாட, சோதனை முறையில் அனுமதி அளித்தார். 1955 நவம்பரில் வெளிவந்த ஆணை 1956 முதல் அதைப் பொதுவிதியாக்கியது. சடங்கும் நேராக்கப்பட்டது. அதுவரை நாணல் கோலில் பொருத்திய முக்கவட்டுத் திரியில் நெருப்பை உள்ளே கொண்டுவந்து, அங்கே நிற்கும் பாஸ்கா திரியை ஏற்றினார்கள். இனி பாஸ்கா திரியே முன்னே செல்லும். குருவானவர் அதில் சிலுவையும், கிரேக்க அகரவரிசையின் முதல், கடைசி எழுத்துகளும், நடப்பு ஆண்டின் இலக்கங்களும் கீறி, ஐந்து காயங்களின் நினைவாக ஐந்து சாம்பிராணி மணிகளைப் பதிப்பார். மக்கள் கையிலும் திரி வந்தது. எல்லாரும் தங்கள் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பித்தார்கள். நான்கு நூற்றாண்டுகள் பார்வையாளராகக்கூட இல்லாதவர்கள் மீண்டும் அந்த ஒளியில் பங்காளிகளானார்கள். இந்தச் சீர்திருத்தங்களில் எல்லாவற்றிலும் பெரியது அதுதான்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பின் புகழுரை தாய்மொழிகளுக்கு வந்தது. தமிழகக் கத்தோலிக்க ஆலயங்களில் மின்விளக்குகளை அணைத்துவிட்டு, முற்றத்து நெருப்பைச் சூழ்ந்து நின்று தொடங்கும் பாஸ்கா திருவிழிப்பு இந்த மீட்பின் பயனே. அமெரிக்க லூத்தரன் சபையினர் 1978 வழிபாட்டு நூலிலும், எப்பிஸ்கோப்பல் சபையினர் 1979 நூலிலும் பாஸ்கா விழிப்பை மறுபடி சேர்த்துக்கொண்டனர்.

திரியின் பணி அந்த இரவோடு நிற்பதில்லை. முன்பு விண்ணேற்ற விழாவரை நின்ற திரி இப்போது பெந்தகோஸ்து வரை பலிபீடத்தருகில் எரிகிறது. பிறகு திருமுழுக்குத் தொட்டியருகே வைக்கப்படுகிறது. குழந்தையின் திருமுழுக்குத் திரி அதிலிருந்து ஏற்றப்படுகிறது. இறந்தவரின் பெட்டியருகிலும் அதே திரி நிற்கிறது. 1988இல் உரோமை வழிபாட்டுப் பேராயம் வெளியிட்ட மடல், திரி மெழுகாலானதாக, ஆண்டுதோறும் புதியதாக, ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும் என்கிறது. வசதிக்காகச் சனி மாலைத் திருப்பலி நேரத்திலேயே விழிப்பைத் தொடங்கும் பழக்கத்தை அது கண்டித்தது. இருட்டியபின் தொடங்கி, ஞாயிறு விடியுமுன் முடிக்க வேண்டும் என்ற விதிக்கு விலக்கு இல்லை என்றும் அந்த மடல் உறுதியாகக் கூறுகிறது.