பாவை, கருவிழி, வெண்படலம்: ஒரு கண்ணுறுப்பின் பெயர் வரலாறு

கண்ணின் முன்புறத்தே ஒளி புகும் கண்ணாடி போன்ற படலத்திற்குத் தமிழில் முரணான இரு பெயர்கள் வழங்குகின்றன. பாடநூல்கள் அதனை 'விழிவெண்படலம்' என்கின்றன. நாளிதழ்களும் மருத்துவமனை அறிவிப்புகளும் 'கருவிழி' என்கின்றன. அவ்வுறுப்போ கறுப்புமன்று, வெளுப்புமன்று, நிறமற்றது. இம்முரண் தோன்றிய வகையை இக்கட்டுரை ஆராய்கிறது.

பழம்பெயர்கள் கண்ணை வெளியிலிருந்து நோக்கியவர்கள் இட்டவை. குறள் 1123, காதலிக்கு இடமளிக்குமாறு கண்ணின் பாவையை விலகச் சொல்கிறது. எதிர்நிற்பவரின் சிற்றுருவம் கண்ணுள் பொம்மைபோல் தோன்றுவதால் அமைந்த பெயர் இது. ஐதராபாத்தில் நாள்தோறும் காதில் விழும் தெலுங்குச் சொல்லான 'கனுபாப'விலும் 'பாப' குழந்தையையே குறிக்கும்; உறவற்ற இலத்தீனின் 'பூப்பில்லா'வும் சிறுபொம்மைதான். ஆயின் பாவை என்பது வெறும் துளை. உட்சென்ற ஒளி மீளாமையால் கறுத்துத் தோன்றுவது. உருவம் தெரிவது அதற்கு முன்னுள்ள நிறமற்ற படலத்தின் வளைபரப்பில். எனவே அப்படலம் பெயரின்றியே இலக்கியத்துள் இடம்பெற்றுவிட்டது எனலாம்.

சுசுருத சங்கிதை கூறும் ஐந்து கண்மண்டலங்களுள் வெண்மண்டலமும் கருமண்டலமும் நிறத்தால் பெயர் பெற்றவை. 'கருவிழி' இந்நோக்கைச் சார்ந்தது. படலத்தையும் அதன் பின்னுள்ள ஐரிஸையும் அது ஒன்றாகவே கொள்கிறது. அறுத்து, அடுக்கடுக்காகப் பிரித்தறியும் உடற்கூற்றியலுக்கு இது போதாது. அவ்வியலைத் தமிழில் நூலாக்கியவற்றுள் மானிப்பாயில் பணிபுரிந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீனின் 'மனுஷ அங்காதிபாதம்' (1872) குறிப்பிடத்தக்கது.

'வெண்படலம்' என்பதற்கும் ஓரளவு காரணம் உண்டு: கண்ணின் வெள்ளைப் பகுதியும் இப்படலமும் ஒரே புறவுறையின் தொடர்ச்சி. தெலுங்குப் பாடநூல்களும் 'சுக்லபடலம்' என்றே வழங்குகின்றன. எனினும் இப்படலம் வெளுப்பது நோயுற்றபோதுதான். 'கண்ணில் பூ விழுதல்' என மக்கள் கூறுவது அதனையே. நோயின் நிறத்தை உறுப்பின் பெயராக்குவது பொருந்தாது.

இது சொல்லாராய்ச்சியோடு நிற்கும் சிக்கலன்று. சென்னையில் 1945இல் கண் வங்கி தொடங்கப்பட்டது, ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிறுவனத்தின் இராமாயம்மா கண் வங்கி 1989இல் அமைந்தது. கண் தானத்தால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாற்றப்படுவது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள இப்படலமே. 'கருவிழி மாற்றம்' என்று கேட்கும் குடும்பத்தார், இறந்தவரின் கண்ணில் தாம் கண்ட கருவட்டமே வேறொரு முகத்தில் பொருத்தப்படும் என எண்ண இடமுண்டு. அந்நிறம் ஐரிஸுக்கு உரியது, அது மாற்றப்படுவதில்லை. இந்தியில் வழங்கும் 'சுவச்ச மண்டல்' நிறத்தை விடுத்துத் தெளிவைச் சுட்டுகிறது. தமிழிலும் 'தெளிபடலம்' என வழங்குவதைக் கலைச்சொல்லாளர் கருதலாம்.