மலைமேல் ஏரியும் கடைமடை நிலமும்



நான் திருநள்ளாற்றைச் சேர்ந்தவன். எங்கள் ஊர்ப்பக்கம் மலை என்பதே கிடையாது. ஊரில் உயர்ந்த இடம் எது என்று கேட்டால், கோயிற் கோபுரத்தையே சுட்டிக் காட்டுவோம். கண்ணுக்கு எட்டிய தொலைவு வரை வயல். வயல்களுக்கு இடையே வாய்க்கால். தெருவுக்குத் தெரு குளம். தர்ப்பாரண்யேசுவரர் கோயிலுக்கு வருவோர் நீராடும் நளதீர்த்தத்தை உங்களிற் பலர் அறிந்திருப்பீர்கள். இத்தகைய சமவெளியில் பிறந்து வளர்ந்தவன் மலைநாட்டு ஏரிகளைப் பற்றிப் பேச வந்ததற்குக் காரணம், ஆசிரியனாக இருந்தபோது நான் செய்த ஒரு பிழையே ஆகும்.

பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் வகுப்பில் நீர்நிலைகளைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, யாரும் வெட்டாத ஏரி என்று ஒன்று உண்டா?" என்று வினவினான். வெட்டிய குளங்களையே கண்டு வளர்ந்த பிள்ளைக்கு எழக்கூடிய நியாயமான ஐயம் அது. நான் சற்றும் தயங்காமல், "ஏன் இல்லை? உதகமண்டலத்து ஏரி இருக்கிறதே! அது இயற்கை தந்த ஏரி" என்று விடை கூறினேன். சில ஆண்டுகள் சென்றபின் மாணவர்களோடு உதகைக்குச் சுற்றுலாச் சென்றேன். அங்கே அந்த ஏரிக்குக் கரை கட்டப்பட்டிருந்ததைக் கண்டேன். அதைக் கட்டியவர் இன்னார் என்பதையும் அறிந்தேன். அதற்குள் அந்தச் சிறுவன் பள்ளியை விட்டே போய்விட்டான். அவனுக்கு அன்று அளித்திருக்க வேண்டிய விடையை இன்று வானொலி வாயிலாக உங்களுக்குச் சொல்கிறேன்.

யாரும் வெட்டாத ஏரிகள் உலகில் உண்டு. அவை மிகுதியாகக் காணப்படுவது இமயம், ஆல்ப்ஸ் போன்ற இளமையான மலைகளில்தான். நம் கணக்கில் பல கோடி ஆண்டுகள் என்பது மலைகளின் கணக்கில் இளமையே. அங்கே பனியாறுகள் மெல்ல நகர்ந்து, பாறையைக் குடைந்து பள்ளமாக்குகின்றன. தாம் சுமந்து வந்த கல்லையும் மண்ணையும் வழியிலே குவித்து வரப்புப்போல் நிறுத்திவிடுகின்றன. பனி உருகிப் பின்வாங்கியதும் அப்பள்ளங்களில் நீர் நிறைந்து ஏரியாகிறது. சில இடங்களில் மலைச்சரிவு ஒன்று ஆற்றின் குறுக்கே விழுந்து, ஒரே நாளில் அணை எழுப்பிவிடுவதும் உண்டு.

அப்படி எழுந்த ஓர் ஏரியின் வரலாறு நாம் மறக்கக் கூடாதது. கார்வால் மலைப்பகுதியில் பிரகி கங்கை என்பது ஒரு சிற்றாறு. 1893-ஆம் ஆண்டு செப்டம்பரில் கோனா என்னும் சிற்றூரின் அருகே மலையின் ஒரு பக்கம் இடிந்து அவ்வாற்றின் குறுக்கே விழுந்தது. ஏறக்குறைய 900 அடி உயரத்துக்கு இயற்கையே ஓர் அணையை எழுப்பிவிட்டது. பின்னால் நீர் தேங்கத் தொடங்கியது. அடுத்த மழைக்காலத்தில் அது வழிந்து உடையும் என்பதைப் பொறியாளர்கள் உணர்ந்தனர். ஏரியைக் காவல் காக்க ஆட்களை நிறுத்தினர். கீழ்நிலத்து ஊர்களுக்குத் தந்திக்கம்பி இழுத்தனர். வெள்ளம் எவ்வளவு உயரம் வரக்கூடும் என்பதை மலைச்சரிவுகளில் அடையாளமிட்டு, மக்களை அதற்கு மேலே குடியேறச் செய்தனர். 1894 ஆகஸ்டு 25-ஆம் நாள் இரவு ஏரி உடைந்தது. கார்வாலின் சிறீநகர் என்னும் நகரம் அழிந்தது. ஆயினும் உயிரிழந்தோர் ஐவர் மட்டுமே. எச்சரிக்கையை மீறித் திரும்பிச் சென்ற ஒரு பக்கிரியும் அவர் குடும்பத்தினருமே அவர்கள்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றை நம் காலத்திலேயே கண்டோம். சிக்கிமில் தெற்கு லோனாக் என்னும் பனியேரி 2023 அக்டோபர் தொடக்கத்தில் நள்ளிரவில் உடைந்து, கீழே சுங்தாங்கில் மனிதர் கட்டியிருந்த தீஸ்தா அணையையும் அடித்துச் சென்றது. பலர் மாண்டனர். வானில் செயற்கைக்கோள் சுற்றும் காலம் இது. எனினும் அந்த ஏரிக்கு வேண்டிய எச்சரிக்கை ஏற்பாடு அப்போது நிறைவு பெற்றிருக்கவில்லை. இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை விளங்கும். ஏரியை இயற்கை ஆக்கினாலும் மனிதர் ஆக்கினாலும், அதற்குக் காவல் வேண்டும். காவல் இருந்தபோது தந்திக்கம்பியே ஆயிரக்கணக்கானோரைக் காத்தது.

இனி நம் தென்னாட்டு மலைகளுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலை இமயத்தைவிட மிகப் பழைமையானது. இங்கே பள்ளம் குடையும் பனியாறுகள் இல்லை. மழைநீர் நெடுங்காலமாக ஓடி ஓடித் தனக்கு வழியை அறுத்துக்கொண்டுவிட்டது. தங்குவதற்கு இடமின்றி நீர் இறங்கிவிடுவதால், இயற்கை ஏரிகள் இங்கு மிக அரியவை.

அந்த அரியவற்றுள் ஒன்று வயநாட்டில் வைத்திரிக்கு அருகேயுள்ள பூக்கோடு ஏரி. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில், பசுமை மாறாக் காட்டின் நடுவே அமைந்த சிற்றேரி அது. அவ்வேரியின் பெயரையே தாங்கிய ஒரு சிறு மீனினமும் அதில் வாழ்கிறது. அங்கிருந்து புறப்படும் நீர் பனமரம் ஆறாகிக் கபினியாகிறது. கபினி நீர் பீச்சனஹள்ளி அணையைக் கடந்து, திருமக்கூடலு நரசிபுரத்தில் காவிரியோடு கலக்கிறது. காவிரியின் நீர் கும்பகோணத்தின் பக்கத்தில் பிரியும் அரசலாற்றின் வழியே எங்கள் காரைக்கால் நிலத்தை அடைகிறது. ஆகவே, "யாரும் வெட்டாத ஏரி உண்டா?" என்று கேட்ட சிறுவனின் வயலுக்கே அப்படிப்பட்ட ஓர் ஏரியின் நீர்த்துளி வந்துகொண்டிருந்தது. அதை அவனும் அறியவில்லை. அவனுக்குப் பாடம் சொன்ன நானும் அறியவில்லை.

மற்றபடி, நம் மலைகளில் நாம் கண்டு மகிழும் ஏரிகளுள் பெரும்பாலானவை மனிதர் ஆக்கியவையே. உதகை ஏரியைக் கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த ஜான் சலிவன் என்பவர் 1823-க்கும் 1825-க்கும் இடையே அமைத்தார். மலையோடைகளைக் கரையிட்டு மறித்து அவர் ஆக்கிய ஏரி, இன்று நாம் காண்பதைவிட மிகப் பெரியது. ஏரியைக் கடக்கப் பரிசிலும் படகும் வேண்டியிருந்த காலம் உண்டு. பின்னாளில் கரை உடைந்தது, ஏரி சுருங்கியது, சுருங்கிய இடத்தைக் குதிரைப் பந்தயத் திடலும் பேருந்து நிலையமும் பற்றிக்கொண்டன. நகரத்துக் கழிவுநீரும் அதில் வந்து சேர்ந்தது. இன்று உதகையில் பேருந்தை விட்டு இறங்குகிறவர், தாம் பழைய ஏரியின் மடியில் கால் வைத்திருப்பதை அறியமாட்டார்.

கொடைக்கானலின் விண்மீன் வடிவ ஏரியும் இவ்வகையினதே. மதுரைக் கலெக்டராக இருந்த வெர் ஹென்றி லெவிஞ்சு 1863-ஆம் ஆண்டில் சதுப்பு நிலத்து ஓடைகளை மறித்து அதை ஆக்கினார். அந்நகரில் இயங்கிய வெப்பமானித் தொழிற்சாலை ஒன்று பாதரசக் கழிவின் காரணமாக 2001-இல் மூடப்பட்டது. பின்னர் ஆராய்ந்த அறிவியலார் ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசத்தின் தடத்தைக் கண்டனர். பார்வைக்குத் தெளிந்த நீர், உள்ளேயும் தெளிந்ததாக இருக்கும் என்று எண்ணுவதற்கில்லை என்பதை அது நமக்கு உணர்த்துகிறது.

இவை அழகுக்கும் பொழுதுபோக்குக்கும் பெயர் பெற்ற ஏரிகள். பசியைப் போக்குவதற்காக ஆக்கிய ஏரி பெரியாற்று ஏரி. மேற்கு நோக்கி ஓடிக் கடலில் கலக்கும் பெரியாற்றை, வறண்ட வைகைச் சமவெளிக்குத் திருப்ப வேண்டும் என்ற எண்ணம் மிகப் பழையது. இராமநாதபுரம் சேதுபதியின் அமைச்சர் முத்திருளப்ப பிள்ளை 1789-ஆம் ஆண்டிலேயே இதற்காக மலைப்பகுதியை ஆராயச் செய்தார். ஏறக்குறைய நூறாண்டு கழித்து, 1886-இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் ஏற்பட்டது. 1887-இல் ஜான் பென்னிகுவிக் என்னும் பொறியாளர் தலைமையில் பணி தொடங்கியது. சாலையற்ற அடர்ந்த காட்டில், மலைக்காய்ச்சலுக்கும் வெள்ளத்துக்கும் நடுவே, சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு அணை எழுந்தது. மலையைக் குடைந்து ஒரு மைலுக்குச் சற்று அதிகமான நீளத்தில் சுரங்கம் வெட்டினர். 1895 அக்டோபரில் பெரியாறு கிழக்கே திரும்பியது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வடக்கே கோனாவில் இயற்கை எழுப்பிய அணை உடைந்த 1894-ஆம் ஆண்டில்தான், தெற்கே பெரியாற்றில் மனிதர் எழுப்பிய அணை முடிவை நெருங்கிக்கொண்டிருந்தது. முன்னது ஓராண்டுக்குள் பேரளவு கரைந்துபோயிற்று. பின்னது இன்றும் தேனி, மதுரை, திண்டுக்கல், சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு நீர் வழங்குகிறது. ஆனால் அந்த ஏரிக்கும் விலை உண்டு. நீரில் மூழ்கிய காட்டின் பட்டமரங்கள் தேக்கடியில் இன்றும் நீருக்கு மேலே நிற்கின்றன. அந்த மண்ணில் வேலை செய்து மடிந்த கூலியாட்கள் பலரின் பெயர் நமக்குத் தெரியாது. அணையின் வலிமை பற்றி இரு மாநிலங்களுக்கிடையே எழுந்த வழக்கில், 2014-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று தீர்ப்பளித்து, கண்காணிப்புக் குழு ஒன்றையும் அமைத்தது. நூற்றாண்டு கடந்த ஏரிக்கும் காவல் தேவை என்பதையே இது காட்டுகிறது.

எங்கள் கடைமடைக்கு உயிர்நாடியான ஏரி மேட்டூர் நீர்த்தேக்கம். பாலமலைக்கும் சீதாமலைக்கும் இடையே காவிரியை மறித்து, 1925-இல் தொடங்கி 1934-இல் முடித்த அணை அது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி; கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீர். அவ்வேரிக்காகவும் ஊர்கள் மூழ்கின. நீர் வற்றும் கோடையில் பண்ணவாடிப் பக்கத்தில் பழைய நந்திச் சிலையும் மாதாகோயிலின் கோபுரமும் தலைகாட்டும். அவற்றைக் காணும்போது, நம் சோற்றுக்காக யாரோ தம் வீட்டை இழந்தனர் என்ற நினைவு நமக்கு வரவேண்டும்.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்டபோது எங்கள் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்தது. 1954 நவம்பர் 1-ஆம் நாளில்தான் அது இந்தியாவின் நிர்வாகத்துக்கு மாறியது. ஆட்சி எல்லை வேறாக இருந்த அக்காலத்திலும் காவிரிக் கிளையாறுகளே எங்கள் வயல்களை வளர்த்தன. பின்னர் நீர் குறைந்து வழக்கு மிகுந்தது. 2007-இல் காவிரி நடுவர் மன்றமும் 2018-இல் உச்ச நீதிமன்றமும் புதுச்சேரிக்கென 7 டி.எம்.சி. நீரை ஒதுக்கின. அந்த நீர் காரைக்கால் வட்டாரத்துக்கே உரியது. காவிரிப் பங்கீட்டில் மிகச் சிறிய பங்கு எங்களுடையது. பாசன வரிசையிலோ நாங்கள் கடைசியில் நிற்பவர்கள். மேலே ஓர் ஏரி தூர்ந்தாலும், ஒரு மழை பொய்த்தாலும், அதன் வலியை முதலில் உணர்வது கடைமடைதான்.

அப்படியானால் நாம் செய்யக்கூடியது என்ன? மலைமேல் ஏரி கட்டுவது நம் கையில் இல்லை. ஆனால் காவல் காப்பது நம் கையில் இருக்கிறது. இது நமக்குப் புதியதும் அன்று. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற ஒன்றைக் குறிப்பிடுகின்றன. குடவோலை முறையில் தேர்ந்தெடுத்த வாரியத்தினர் ஏரியைப் பார்த்துக்கொண்டனர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்பே, ஏரியைக் கட்டினால் மட்டும் போதாது, ஆண்டுதோறும் பேணவும் வேண்டும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தனர். 2019-ஆம் ஆண்டில் காரைக்கால் மாவட்டத்தில் 'நம் நீர்' என்ற திட்டத்தின்கீழ்க் குளங்கள் பல தூர்வாரப்பட்டபோது, அப்பழைய மரபின் சாயலையே கண்டேன். வெட்டிய குளத்தில் மீண்டும் குப்பை கொட்டாமல் காப்பதுதான் இனி எஞ்சியுள்ள கடமை.

மாணவ நண்பர்களே, ஆசிரியனாக வாழ்ந்தவன் வீட்டுப்பாடம் கொடுக்காமல் விடைபெற இயலாது. வரும் விடுமுறை நாளில் உங்கள் ஊர்க் குளத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். நீர் உள்ளே வரும் வழி எது, மிகுந்தால் வெளியேறும் வழி எது என்று கண்டுபிடியுங்கள். அவற்றுள் ஒன்றேனும் அடைபட்டிருந்தால், அதை ஒரு தாளில் எழுதி உங்கள் ஆசிரியரிடமோ ஊராட்சியிடமோ கொடுங்கள். ஊரில் முதியவர் இருந்தால், அக்குளத்தை வெட்டியவர் யார் என்று கேளுங்கள். நான் அன்று கேட்காமலே விடை சொன்னேன். நீங்கள் கேட்டறிந்து சொல்லுங்கள்.