இன்சுலின் சுரப்பும் வளர்சிதைமாற்றத் தடுப்பான்களும்

உணவுக்குப் பின் இரத்தத்தில் குளுக்கோசின் அளவு கூடுகிறது. சில நிமிடங்களில் கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினை வெளியிடுகின்றன. சர்க்கரை கூடியதை அச்செல்கள் எவ்வாறு அறிகின்றன என்பதில் 1960களில் இரு கருத்துகள் நிலவின. செல்லின் மேற்பரப்பிலுள்ள ஏற்பி ஒன்று குளுக்கோசை நேரடியாக உணர்கிறது என்பது ஒன்று. குளுக்கோசு உள்ளே சென்று சிதைக்கப்பட்டால்தான் இன்சுலின் வெளிவரும் என்பது மற்றொன்று.

இதை ஆராய வளர்சிதைமாற்றத் தடுப்பான்கள் பயன்பட்டன. 1964இல் கூர், பிலிப் ராண்டில் ஆகியோர் முயலின் கணையத் துண்டுகளைக் குளுக்கோசுக் கரைசலில் வைத்து, மான்னோஎப்டுலோசு என்னும் பொருளைச் சேர்த்துச் சோதித்த முடிவுகளை வெளியிட்டனர். அவகாடோ பழத்தில் காணப்படும் இச்சர்க்கரையில் ஏழு கார்பன் அணுக்கள் உண்டு. குளுக்கோசு சிதைவின் முதற்படியை இது தடுக்கிறது. கரைசலில் குளுக்கோசு நிறைய இருந்தும் இன்சுலின் வெளியீடு குறைந்தது. எனினும் மான்னோஎப்டுலோசும் ஒரு சர்க்கரைதான். அது ஏற்பியையே அடைத்திருக்கலாம் என்று வாதிட இடமிருந்தது. சர்க்கரையோடு எவ்வித ஒற்றுமையும் இல்லாத அசைடு, சயனைடு, டைநைட்ரோபீனால் ஆகியவையும் சுரப்பை நிறுத்தின. இவை இழைமணிகளில் ஏடிபி உருவாவதைக் கெடுப்பவை. ஆனால் இன்சுலின் துகள்களை வெளியேற்றவே செல்லுக்கு ஆற்றல் தேவை என்பதால், நஞ்சூட்டப்பட்ட செல் சுரக்காமற்போவது மட்டும் முழுச் சான்றாகாது.

விடுபட்ட கண்ணி 1984இல் கிடைத்தது. பீட்டா செல் சவ்விலுள்ள பொட்டாசியம் கால்வாய்களை ஏடிபி மூடுவதாகக் குக், ஹேல்சு ஆகியோரும், குளுக்கோசு அவ்வாறு மூடுவதாகப் பிரான்சிசு ஆசுகிராஃப்ட் குழுவினரும் அதே ஆண்டில் காட்டினர். கால்வாய் மூடினால் செல்லின் மின்னழுத்தம் மாறி, கால்சியம் உள்ளே நுழைந்து, இன்சுலின் வெளியேறுகிறது. அசைடு சேர்த்தால் ஏடிபி குறைந்து கால்வாய்கள் மீண்டும் திறக்கின்றன, சுரப்பு நிற்கிறது.

1950களிலிருந்து நீரிழிவுக்கு வழங்கப்பட்டுவந்த சல்போனைல்யூரியா மாத்திரைகள் இக்கால்வாயையே நேரடியாக மூடுகின்றன என்பதும் பின்னர் தெரிந்தது. பிறந்த சில மாதங்களில் நீரிழிவு காணும் குழந்தைகள் பலரிடம் இக்கால்வாயின் மரபணு மாறியிருப்பது 2004இல் அறியப்பட்டது. அவர்களுக்கு ஏடிபி இருந்தும் கால்வாய் மூடுவதில்லை. எனவே நாள்தோறும் இன்சுலின் ஊசி தேவைப்பட்டது. 2006இல் வெளியான ஆய்வில், இம்மாற்றமுடைய 49 நோயாளிகளுக்குச் சல்போனைல்யூரியா கொடுக்கப்பட்டது. அவர்களுள் 44 பேர் ஊசியை நிறுத்தினர்.