அமிலத்தன்மையும் பாலிமர் கலந்த லிப்பிடுச் சவ்வுகளும்

உயிரணுவைச் சூழ்ந்துள்ள மெல்லிய சவ்வில் பெரும்பங்கு வகிக்கும் பாஸ்போலிப்பிடு மூலக்கூறுகள், நீரை நாடும் தலையும் நீரை வெறுத்தொதுங்கும் இரு வால்களும் உடையனவாதலால், நீரில் இட்ட மாத்திரத்தில் வால்களை உள்ளே மறைத்து ஈரடுக்காக அமைந்து, மூடிய நுண்பைகளாகத் திரள்கின்றன. இச்சுபாவத்தை 1960களில் இங்கிலாந்தின் பாப்ரகாமில் அலெக் பாங்கம் எடுத்துக்காட்டியது முதல், லிப்போசோம் எனப்படும் இப்பைகளே சவ்வாராய்ச்சிக்குச் சிறந்த சாதனமாயின.

அவற்றோடு பாலிமர்களைக் கலந்து அமிலத்தன்மையை மாற்றும்போது நேரும் விளைவுகளுள் மிகத் தெளிவானது, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சர்வகலாசாலையில் டேவிட் டிரெல்லும் சகாக்களும் 1980களில் பரிசோதித்த பாலி எதில் அக்ரிலிக் அமிலத்தினுடையதாகும். சங்கிலியாய் நீண்ட இப்பாலிமரின் கண்ணிதோறும் ஒரு கார்பாக்சில் தொகுதியும் ஓர் எதில் தொகுதியும் உள்ளன. இரத்தத்திற்குரிய பி.எச். 7.4 இல், ஹைட்ரஜன் அயனியை இழந்து எதிர்மின்னேற்றம் பெற்ற கார்பாக்சில் தொகுதிகள் ஒன்றையொன்று விலக்குவதால், சங்கிலி விரிந்து நீரிலேயே தங்க, சவ்வும் குலையாதிருக்கிறது. அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்த்துப் பி.எச். எண்ணை 6.5 அளவுக்குக் கொணர்ந்தாலோ, மின்னேற்றம் தணிந்து, எதில் தொகுதிகளின் நீர்வெறுப்பு மேலோங்கி, சங்கிலி சுருண்டு சவ்வில் ஆசிரயம் தேடுகிறது. அப்போது நீர்மோர்போல் கலங்கியிருந்த லிப்பிடுக் கலவை தெளிந்துவிடுவதைக் கண்ணாலேயே காணலாம். ஒளியைச் சிதறடித்த பெரிய பைகள் உடைந்து, பாலிமர் தழுவிய நுண்ணிய தகடுகளாக மாறிவிட்டமையே அதற்குக் காரணம். இத்தனைக்கும் 6.5 என்பது நாவுக்குப் புளிப்பே புலப்படாத நிலை. ஒரு கண்ணியின் மாற்றம் அடுத்ததன் மாற்றத்தை எளிதாக்குவதால், சங்கிலி படிப்படியாகவன்றி ஒருசேர நிலைமாறுகிறது என்பதே இதிலுள்ள விசேஷம். சங்கிலி நீள நீள, குறைந்த அமிலத்திலேயே இம்மாற்றம் நிகழ்ந்துவிடும்.

உயிரணு விழுங்கிய பொருள்களைச் சுமக்கும் எண்டோசோம் என்னும் உட்பைகளில் பி.எச். எண் 5க்கும் 6க்கும் இடையே தாழ்வதால், அங்குச் சிக்கிய மருந்தை வெளியேற்ற இத்தகைய பாலிமர்கள் பிரயோஜனப்படலாம் எனக் கருதி, வாஷிங்டன் சர்வகலாசாலையில் ஆலன் ஹாஃப்மனும் பாட்ரிக் ஸ்டேட்டனும் எதிலுக்குப் பதிலாகப் புரோப்பில் தொகுதியுடைய பாலிமரைக் கையாண்டனர்.

எனினும், அமிலமே சவ்வைக் கரைக்கிறது என்று பொதுவிதி வகுப்பது பிழையாகும். ஸ்டைரீனும் மாலியிக் அமிலமும் இணைந்த பாலிமர், நடுநிலையிலும் காரநிலையிலுமே சவ்வை ஏறத்தாழ 10 நானோமீட்டர் அகலமுள்ள வட்டத்தகடுகளாக வெட்டி, புரதங்களை அவற்றைச் சூழ்ந்த லிப்பிடுகளோடு வெளிக்கொணர்கிறது. அமிலத்திலோ தானே வீழ்படிவாகிப் பயனற்றுப்போகிறது. ஸ்டைரீன் வளையங்களால் முன்னமே மிகுந்த நீர்வெறுப்புடைய அதற்கு, நீரில் நிற்கக் கார்பாக்சில் தொகுதிகளின் மின்னேற்றம் ஒன்றே ஆதாரம்; அமிலத்தில் அதுவும் தணிந்துவிடுகிறது. எனவே, கார்பாக்சிலின் ஸ்தானத்தில் ஹைட்ரஜன் அயனியை ஏற்று நேர்மின்னேற்றம் பெறும் அமீன் தொகுதிகளை அமைத்த ஸ்டைரீன் மாலிமைடுப் பாலிமர், அமில நீரில் கரைந்து நின்று அதே தகடுகளை உண்டாக்குகிறது.