ஐந்து லட்சம் பிறந்த கதை

"பேங்க் முழுகினாலும் அஞ்சு லட்சம் வரைக்கும் கவர்மெண்ட் குடுத்துடும்." ஸ்ரீரங்கத்தில் எஃப்.டி. வட்டியை நம்பி வாழும் ஓய்வூதியக்காரர் யாரைக் கேட்டாலும் இப்படித்தான் சொல்வார். பாதிதான் சரி. கொடுப்பது ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான வைப்புக் காப்புறுதிக் கழகம். அதற்குப் பிரீமியம் கட்டுவது வங்கிகள்.

1906 அக்டோபரில் சென்னையில் வெள்ளைக்காரர் நடத்திய அர்பத்நாட் கம்பெனி என்ற வங்கி கவிழ்ந்தபோது இப்படி எதுவும் கிடையாது. போட்டவர்களுக்குப் போனது போனதுதான். வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் போன்றவர்கள் கண்ட வழி, நமக்கென்று ஒரு வங்கி தொடங்குவது. 1907இல் இந்தியன் வங்கி வந்தது. வெள்ளைக்காரன் ஏமாற்றிவிட்டான், நம்மவர் ஏமாற்றமாட்டார் என்ற கணக்கு. அந்தக் கணக்கில்தான் ஊருக்கு ஊர் வங்கிகள் முளைத்தன. திருச்சியிலும் திருச்சி யுனைடெட் பாங்க், 1942இல் ஆர்னாட் பாங்க். அப்போது திருச்சி மாவட்டத்திலிருந்த குளித்தலையில் ஒன்று, கரூரில் இரண்டு. டைரக்டர் யார் வீட்டுப் பிள்ளை என்பது ஊருக்கே தெரியும். அதுதான் உத்தரவாதம்!

அந்த உத்தரவாதம் உடைந்தது கேரளத்தில். 1960 ஆகஸ்ட் 8 அன்று, பாலா நகரின் பாலாய் சென்ட்ரல் பாங்கை மூட உத்தரவிடக் கோரி ரிசர்வ் வங்கி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனது. அதே ஆண்டு அகோலாவின் லட்சுமி பாங்கும் விழுந்தது. இது அடுத்த ஊருக்கும் தொற்றும் என்று டெல்லிக்குப் புரிந்தது. ஒரு வங்கியில் பணம் போனால், பக்கத்து வங்கி வாசலிலும் கூட்டம் நிற்கும்.

1960 செப்டம்பரிலேயே, தள்ளாடும் வங்கியை வேறொன்றோடு கட்டாயமாக இணைக்க வழிசெய்யும் சட்டத் திருத்தம் வந்தது. அடுத்த ஆண்டு வைப்புக் காப்புறுதிச் சட்டம். அமெரிக்கா 1933இல் செய்ததை நாம் 1962 ஜனவரி 1 முதல் செய்தோம். ஒருவருக்கு ஒரு வங்கியில் 1,500 ரூபாய் வரை காப்பு. குறி சின்ன ஆட்களின் சேமிப்பு. பெரிய முதலைகள் தங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டார்கள்.

காப்புறுதி தொடங்கியபோது அதன் பட்டியலில் 287 வங்கிகள். 1967 முடிவில் 100. ஆர்னாட் பாங்க் கனரா வங்கியில் கரைந்தது; குளித்தலை பாங்க் 1964இல் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியில். திருச்சி யுனைடெட் இந்தியன் வங்கிக்குள் போனது. ஊர்ப் பெயர் தாங்கிய பலகைகள் இறங்கியதில் வருத்தப்படுகிறவர்கள் உண்டு. எனக்கு இல்லை. முகம் பார்த்து வைத்த நம்பிக்கைக்கு அடமானம் எதுவும் கிடையாது.

1993இல் ஒரு லட்சமான காப்பு 27 ஆண்டுகள் அசையவில்லை. மும்பையின் பி.எம்.சி. கூட்டுறவு வங்கி 2019இல் முடங்கி, வாடிக்கையாளர்கள் தெருவுக்கு வந்த பிறகே, 2020 பிப்ரவரி 4 அன்று ஐந்து லட்சம் ஆனது. ஒவ்வொரு முறையும் யாரோ அழுத பிறகுதான் சட்டம் நகர்ந்திருக்கிறது. அதே ஆண்டு நவம்பரில், 1926இல் கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கியில் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கத் தடை வந்தது. பத்து நாளில் டி.பி.எஸ். வங்கியோடு இணைத்துவிட்டதால் டெபாசிட்காரர்கள் தப்பினார்கள். பங்கு வைத்திருந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

ஒரே வங்கியின் ஸ்ரீரங்கம் கிளையில் நான்கு லட்சமும் தில்லைநகர் கிளையில் மூன்று லட்சமும் ஒரே பெயரில் போட்டிருந்தால், காப்பு ஏழுக்கு அல்ல, ஐந்துக்குத்தான். அசலும் வட்டியும் அதற்குள் அடக்கம். நிதி நிறுவனம், சீட்டு, நகைக்கடைச் சேமிப்புத் திட்டம் எதற்கும் இந்தக் காப்பு கிடையாது. 2023இல் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட நகைக்கடை ஒன்றின் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் போலீஸில் புகாரோடு நின்றார்கள். அவர்களுக்கு இந்தக் கழகத்தால் ஒரு ரூபாய்கூடத் தர முடியாது. பணம் கட்டுமுன், இந்த இடத்துக்கு டெபாசிட் காப்புறுதி உண்டா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால், பணத்தோடு வெளியே வந்துவிடுங்கள்.